மூக்கைத் தூக்கினால் போதுமா?

"இது சைலன்சரா மாமா? ஏன் மேல போகுது?"

ராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினமோ ஏர்வாடியோ, எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஒரு பையன் இப்படிக் கேட்டுவிடுவான். புகை விடுகிற குழாய் இல்லடா, மூச்சு இழுக்கிற குழாய் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. கருவாட்டு வியாபாரத்துக்காக நான் ஓட்டுவது ஒரு பழைய பொலிரோ கேம்பர், நான்கு வீல் டிரைவ். முன்கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஏறி நிற்கும் அந்தக் கறுப்பு ஸ்நார்க்கலை மாட்டி மூன்று வருஷம் ஆகிறது. கூலியோடு 12,000 ரூபாய்.

ஆசையில் வாங்கினேன், ஒளிப்பானேன். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறப்பதற்கு முன்னால், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலும் தண்ணீருமாகக் குலுங்கிக்கொண்டு போன ஜீப் பயணம் மனசிலேயே நின்றுவிட்டது. அந்த ஜீப்புகளில் ஸ்நார்க்கலைப் பார்த்த நினைவே இல்லை என்பது பணம் கொடுக்கும்போது தோன்றவில்லை.

ஆழமான தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சின் தண்ணீரை இழுக்காமல் மேலிருந்து காற்றை இழுக்கட்டும் என்றுதான் இந்த உயரம். தண்ணீர் பயம் பொய் இல்லை. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. எஞ்சின் தண்ணீரை இழுத்துவிட்டால், மேலே வருகிற பிஸ்டன் முட்டி நிற்கும், அதைத் தள்ளுகிற கிராங்க் தண்டு நிற்காது, இரண்டையும் இணைத்து நடுவில் சிக்கிய கனெக்டிங் ராடு வளையும். டீசலில் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் குறைவு, அதனால் கொஞ்சம் தண்ணீரே போதும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்றைக்குத் தெருத் தண்ணீரில் தெரிந்தவர் ஒருவரின் கார் இப்படித்தான் போனது. நின்றுபோன வண்டியை அவர் மறுபடி மறுபடி செல்ஃப் அடித்திருக்கிறார்.

என் கதை வேறு. மூக்கைத் தூக்கியாச்சு என்ற தைரியத்தில் வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்போடையில் வண்டியை இறக்கினேன். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். நடுவில் மணல் இழுத்துப் பத்து நிமிஷம் நின்றது. டயரில் காற்றைக் குறைத்து எப்படியோ ஏறி வந்துவிட்டேன். எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ஊரெல்லாம் பெருமை அடித்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பின்பக்கம் முனகல். பின் ஆக்சில் நடுவில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி, டிஃபரன்ஷியல். அதன் அடி போல்ட்டைக் கழற்றினால், தேன் மாதிரி வரவேண்டிய ஆயில் பால் அதிகமாக ஊற்றிய டீ நிறத்தில் வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழவழப்பே இல்லை. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியே இருந்து இழுக்கும். ஆக்சில் மேலே பிரீதர் என்று சுண்டுவிரல் நுனி அளவு மூடி ஒன்று இருக்கிறது, அது வழியாக உப்புத்தண்ணீரைக் குடித்திருக்கிறது. பேரிங் இரண்டும் போச்சு.

கீழக்கரையில் சங்கு குளிக்கப் போகிற காக்கா ஒருவரிடம் (எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "மூக்கை மட்டும் தூக்கி வச்சா காதுல தண்ணி போகாதா தம்பி?"

காதை அடைக்க ஆன செலவைக் கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். இரண்டு மீட்டர் பெட்ரோல் டியூப், இரண்டு கிளிப். பிரீதரிலிருந்து மேலே பாடி வரைக்கும் இழுத்துக் கட்டியாயிற்று. 200 ரூபாய்கூட ஆகவில்லை.

அப்போதுதான் ஸ்நார்க்கல் மீதும் சந்தேகம் வந்தது. எஞ்சினை ஓடவிட்டு அதன் வாயை உள்ளங்கையால் இறுக்கமாக மூடினேன். மூச்சு முட்டி நின்றிருக்க வேண்டும். நிற்காமல் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது! காற்று ஃபில்டர் பெட்டியின் அடியில் தூசி வடிகிற ரப்பர் கிழிந்திருந்தது, பெட்டியோடு குழாய் சேருகிற இடத்தில் விரல் நுழையும் இடைவெளி வேறு. அத்தனை நாளும் வெறும் அலங்காரத்தைத்தான் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கு உப்போடையில் தண்ணீர் பெட்டி வரை ஏறவில்லை, அவ்வளவுதான்.

கம்பெனிக் கணக்கையே பாருங்கள். ஸ்நார்க்கல் இல்லாத மகிந்திரா தார், 2020-இல் வந்தது, 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்கிறார்கள். கம்பெனியிலிருந்தே ஸ்நார்க்கலோடு வருகிற ஃபோர்ஸ் கூர்க்கா 700. கூரை உயரத்துக்கு மூக்கு இருந்தும் மூன்று விரல் அகலம்தான் கூடுதல். அதற்கு மேல் கதவிடுக்கு, வயரிங், ஆல்டர்னேட்டர் எல்லாம் குறுக்கே நிற்கும். நம்ம கடற்கரையில் அதுவும் உப்புத்தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் அடியில் நல்லதண்ணீர் அடித்துக் கழுவாவிட்டால், எத்தனை குழாய் மாட்டினாலும் துரு தின்றுவிடும்.

அப்படியானால் கழற்றிவிட்டேனா? இல்லை. கச்சான் காற்று மாதங்களில் சாயல்குடிப் பக்கத்து மண் ரோட்டில், கரி மூட்டை ஏற்றிய லாரிக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். புழுதி பானெட் உயரத்தில்தான் கெட்டியாகச் சுழலும், கூரை உயரத்தில் பாதிகூட இருக்காது. முன்பெல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைத் தட்டினால் ஒரு கை மணல் கொட்டும். ஓட்டையை அடைத்த பிறகு மாதம் ஒருமுறை தட்டுகிறேன், உள்ளங்கைக் குழி நிறைவதில்லை. தார் ரோட்டிலேயே ஓடுகிறவர்கள் 12,000 ரூபாயை டயருக்குப் போடலாம். மண் ரோட்டில் பிழைக்கிறவனுக்கு இது தூசிக்கான சாமான்.

டிராக்டர் பானெட்டுக்கு மேலே காளான் மாதிரி ஒன்று நிற்குமே, அதுவும் இந்த வேலைக்குத்தான். இப்போது பையன்கள் கேட்டால் அதைத்தான் காட்டுகிறேன். "அட, டிராக்டர் மூக்கா!" என்று போய்விடுகிறார்கள்.