முதலில் நம்புங்கள்

பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் நம்மிடம் வாய் திறந்தால், "ஏன் கத்தவில்லை?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கடும் அச்சத்தில் உடல் அசையாமல் உறைந்து போகும், குரலும் எழாது. அது சம்மதம் இல்லை. நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாமல் போவதும் அப்படித்தான். தேதி மறந்திருக்கும், ஒரு வாசனை மட்டும் துல்லியமாக நினைவிருக்கும். அதை வைத்துப் பொய் என்று முடிவுகட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

"நம்புகிறேன். இது உன் தப்பு இல்லை." முதலில் இவ்வளவு சொன்னால் போதும்.

அப்புறம் மருத்துவம். வெளியே காயம் தெரியாவிட்டாலும் போக வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரை வாய்ப்பு உண்டு, அதிலும் தாமதிக்காதீர்கள். தடயம் எடுப்பதற்குக் குளிக்காமல் போவது நல்லது. குளித்துவிட்டாலும் பரவாயில்லை, போகலாம்.

புகார் கொடுப்பதா என்பதை, வயது வந்தவர் என்றால், அவரே முடிவு செய்யட்டும். 1970களில் அமெரிக்கா போன்ற நாடுகளில், இப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பெண்கள் திறந்த உதவி மையங்கள் காட்டிய வழி இது: மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள், ஆனால் அவருக்காக முடிவெடுக்க மாட்டார்கள். ஒருமுறை அவர் விருப்பம் மிதிபட்டது போதும், அக்கறை என்ற பெயரில் நாமும் மிதிக்கக் கூடாது.

மீள்வதற்குக் கெடு கிடையாது. பல மாதம் நன்றாக இருந்தவர் திடீரென உடைந்து போகலாம். ஆண்களுக்கும் இதே நிலைதான், அவர்கள் சொல்வது இன்னும் அரிது. "இன்னுமா அதையே நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.