புகைபோக்கி எரிந்த இரவு

முதலில் கேட்டது சத்தம்தான். சுவருக்குள் ரயில் போவது போன்ற இரைச்சல், நிற்கவே இல்லை. ஜனவரி மாதம், இரவு ஒன்பதரை மணி. பவேரியாவில் நாங்கள் வசிக்கும் சிறு கிராமத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த அம்மா, கூடத்து விறகுக் கணப்பின் முன்னால் உட்கார்ந்து கைகளுக்கு அனல் காட்டிக்கொண்டிருந்தார். நான் மாடிக்கு ஓடி, புகைபோக்கி செல்லும் சுவரில் கை வைத்தேன். தீப்பட்டதுபோல் சுட்டது. அதற்குள் எதிர்வீட்டுப் பெண்மணி தெருவில் நின்று கத்தினார். கூரைக்கு மேலே, புகைபோக்கியின் வாயிலிருந்து நெருப்பு பீறிட்டுக்கொண்டிருந்தது.

ஜெர்மனியில் தீக்கும் ஆம்புலன்சுக்கும் 112, போலீசுக்கு 110. 112-ஐ அழுத்தினேன். பதற்றத்தில் நடந்ததை ஆதியிலிருந்து சொல்லத் தொடங்கினேன். எதிர்முனையில் இருந்தவர் என்னை நிறுத்தி, "எங்கே?" என்று மட்டும் கேட்டார். ஊர், தெரு, வீட்டு எண். ஒரே பெயரில் இங்கே பல ஊர்கள் உண்டு என்பதால் மாவட்டத்தையும் கேட்டார். தெருப்பெயரை நான் உச்சரித்த விதம் அவருக்குப் புரியவில்லை, எழுத்தெழுத்தாகச் சொல்லவைத்தார். அதன் பிறகுதான் என்ன எரிகிறது, உள்ளே யார் இருக்கிறார்கள், யாருக்காவது காயமா என்ற கேள்விகள் வந்தன. இடத்தை முதலில் சொல்லிவிட்டால், பாதியில் இணைப்பு அறுந்தாலும் வண்டி கிளம்பிவிடும். "நான் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்" என்றார். கணப்பின் கதவையும் காற்று வழியையும் மூடச் சொன்னார். எல்லோரும் வெளியேற வேண்டும், தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது என்றார்.

திரும்பிப் பார்த்தால், அம்மா சமையலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருக்கிறார்! "நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றாமல் வேறென்னடா ஊற்றுவது?" அவர் கையிலிருந்து வாளியைப் பிடுங்கினேன். வாழ்நாளில் அம்மாவிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. ஆனால் புகைபோக்கிக்குள் வெப்பம் ஆயிரம் டிகிரியைத் தாண்டக்கூடும். அங்கே விழும் ஒரு லிட்டர் தண்ணீர் நொடியில் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாகும். அந்த வேகத்தில் செங்கல் சுவர் பிளந்து, தீ அறைகளுக்குள் வந்துவிடும்.

அம்மாவுக்கு என் குளிர்கோட்டைப் போர்த்தி வெளியே அழைத்து வந்தபோது ஊர்ச் சங்கு ஊதியது. 12 நொடி ஊதி, 12 நொடி ஓய்ந்து, இப்படி மூன்று முறை. எதிர்வரிசையில் ஒரு கதவு திறந்தது. ஒருவர் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் சைக்கிளில் ஏறி விரைந்தார். இந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புப் படை பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருக்கிறது. மற்ற ஊர்களைக் காப்பவர்கள் சுமார் 10 லட்சம் தன்னார்வலர்கள். இடுப்பில் பேஜர் ஒலித்ததும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள்.

ஒன்பதாவது நிமிடம் வண்டி வந்தது. முதலில் இறங்கியவர் எங்கள் ரொட்டிக்கடைக்காரர். விடியுமுன் அடுப்பு மூட்ட வேண்டிய மனிதர். குழாயை நீட்டித் தயாராக வைத்தார்களே தவிர, தண்ணீரைத் திறக்கவில்லை. வெப்பத்தைக் காட்டும் கேமராவோடு மாடி மாடியாகப் போய்ச் சுவரைப் பார்த்தார்கள், சுவரை ஒட்டியிருந்த அலமாரியை நகர்த்தினார்கள். அந்தச் சுவரில்தான் அம்மா கொண்டுவந்த முருகன் படம் மாட்டியிருந்தது. வங்கியில் வேலை செய்யும் ஒரு பெண், தலைக்கவசத்தோடு, அதைக் கழற்றி வாசலுக்கு எடுத்து வந்து, கையுறை போட்ட இரண்டு கைகளாலும் அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அழுதது அப்போதுதான்.

பக்கத்து நகரத்து ஏணி வண்டியில் புகைபோக்கி துப்புரவாளர் மேலே ஏறினார். தூரிகையை விட்டு அடைப்பை இடித்துத் தள்ளினார். கீழே நிலவறைச் சிறுகதவு வழியாகத் தணலை இரும்பு வாளிகளில் அள்ளி, பனியில் கொட்டினார்கள். சீறல் தெருமுனை வரை கேட்டது. எல்லாம் முடிய நள்ளிரவு தாண்டிவிட்டது.

காரணம் என் விறகுதான். போதுமான அளவு காயாத விறகை மலிவாக வாங்கி எரித்ததில் தார் போன்ற கரி உட்சுவரில் படிந்து, அது தீப்பிடித்துவிட்டது. இங்கே விறகின் ஈரம் 25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தீயணைப்புக்கு ஒரு காசும் கேட்கவில்லை. துப்புரவாளருக்கு மட்டும் கட்டணம் செலுத்தினேன். அவர் சோதித்து ஒப்புதல் தரும்வரை அடுப்பை மூட்டவில்லை.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. அம்மா வீடியோ பார்க்க வைத்திருந்த பழைய கைபேசியில் சிம் கிடையாது. 2009 முதல் ஜெர்மனியில் சிம் இல்லாத கைபேசியிலிருந்து 112-ஐ அழைக்க முடியாது. நான் வேலையில் இருக்கும் பகலில் இது நடந்திருந்தால்? மறுநாளே சிம் வாங்கிப் போட்டேன். ஊர், தெரு, எண் மூன்றையும் தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன். காலைக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அதை ஒரு தடவை உரக்கப் படிக்கிறார். தெருப்பெயரின் நடு எழுத்துதான் இன்னும் சரியாக வரவில்லை. எதிர்வீட்டுப் பெண்மணி ஜன்னலிலிருந்து திருத்திக்கொண்டிருக்கிறார்.