இளவரசிக்குக் குதிரை முகம்

பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த அக்காவின் மகள்கள் இருவரும் யாழ்ப்பாண வெயிலிலும் தரையில் இழுபடும் நைலான் சட்டையோடும் தலையில் கிரீடத்தோடுமே திரிந்தார்கள். 1992 இல் பாரிசுக்கு அருகே திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டில் இளவரசிகளைச் சந்திக்க என்றே ஒரு மண்டபம் இருக்கிறது. வரிசையில் நின்றால் ஓர் இளவரசி பக்கத்தில் நின்று படம் எடுப்பாள், கொப்பியில் கையெழுத்தும் போடுவாள். கோட்டைக்கு அடியில் புகை விடும் டிராகன் வேறு.

“இங்கே என்ன இருக்கிறது, சித்தி?” என்றாள் சின்னவள். நான் ஐஸ்கிரீம் கடையைச் சொன்னேன். அம்மாவுக்கு ரோசம் வந்துவிட்டது. மறுநாள் காலை கீரிமலைக்கு வான் பிடித்தார்.

சுன்னாகம் தாண்டியதும் கதை தொடங்கியது.

“எங்கள் இளவரசி சோழநாட்டுக்காரி. பெயர் மாருதப்புரவீகவல்லி.”

“வடிவா, அம்மம்மா?”

“குதிரை முகம்.”

சாரதிகூடக் கண்ணாடியில் திரும்பிப் பார்த்தார்.

“வயிற்றை வாட்டும் குன்ம நோயும் இருந்தது,” என்று அம்மா சேர்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாலும் அதில் யாருக்காவது சலரோகம் இருக்கும். இளவரசி மட்டும் தப்புவாளா? கீரிமலையில் நீராடியதும் நோயும் போயிற்று, குதிரை முகமும் போயிற்று என்று முடித்தார்.

மதில் சூழ்ந்த பெண்கள் கேணியில் பெரியவள் உடனே இறங்கினாள். கடல் பக்கத்திலேயே இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை என்று வியந்தாள். சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிய மழைநீர்தான் இங்கே ஊற்றாக வருகிறது என்று நான் விளக்கியதை யாரும் கேட்கவில்லை. சின்னவள் படியிலேயே நின்றாள்.

“குதிரை முகம் நல்ல முகமாக மாறும் என்றால், நல்ல முகம் என்னவாகும்?”

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணும் சற்று யோசித்தார். கடைசியில் அம்மாவே சோதனைக்கு ஒரு முழுக்குப் போட்டு எழுந்தார். சின்னவள் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “அம்மம்மா அப்படியேதான் இருக்கிறார்,” என்றாள். குரலில் நிம்மதியைவிட ஏமாற்றமே கூடுதலாக இருந்தது. அதன்பின் அவளைத் தண்ணீரிலிருந்து கரையேற்றுவதுதான் பெரும்பாடாயிற்று.

திரும்பும் வழியில் மாவிட்டபுரம். முகம் மாறிய இளவரசி முருகனுக்குக் கட்டுவித்த கோயில் என்றதும் பெரியவள் கையெழுத்துக் கொப்பியை எடுத்து ஐயரிடம் நீட்டினாள். அவர் கொஞ்சமும் தயங்காமல் அதில் விபூதியும் குங்குமமும் வைத்துக் கொடுத்தார். பாரிஸ் இளவரசிகளுக்கு அந்த வசதி இல்லை.

வானுக்குள் ஏறியதும் சின்னவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

“இளவரசன் வந்தானா?”

“அரசனே வந்தான். உக்கிரசிங்கன். இரவோடு இரவாகத் தூக்கிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துவிட்டான். அவனுக்குச் சிங்க முகம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததா?”

“பிறந்தது.”

“என்ன முகம்?”

“நல்ல மனித முகம்தான்,” என்றார் அம்மா, கச்சான் கோதை உடைத்தபடி. “வால் மட்டும் இருந்தது.”