வரிசையில் நின்றவன் எதிரே நின்றபோது

அக்கா மகனைக் கராத்தே வகுப்பில் விடப் போய்த்தான் நானும் சேர்ந்தேன். காவேரிப்பட்டணத்தில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம், காலை ஆறு மணி. எனக்கு அப்போது 26 வயது. எட்டு வயதுப் பிள்ளைகளோடு வெள்ளை பெல்ட் கட்டிக் கடைசி வரிசையில் நின்றேன். மஞ்சள் பெல்ட் வாங்கியதும் அவன் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான், நான் மாட்டிக்கொண்டேன்.

எங்களுடையது ஷோட்டோகான் என்ற கராத்தே பாணி. கட்டா என்றால் வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொடர். முதல் கட்டா ஹெய்யான் ஷோடான், மொத்தம் 21 அசைவுகள். சரியாகச் செய்தால் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். மாஸ்டர் தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவார். நான் முடிக்கும்போது குறி இரண்டடி தள்ளிக் கிடக்கும். "எட்டு வைக்கிறது ஒரே அளவா இல்லை, போ, மறுபடி" என்பார். விளக்கம் அவ்வளவுதான். குறிமேல் வந்து நிற்க எனக்கு எட்டு மாதம் ஆனது.

பெல்ட்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நிறம் மாறிக்கொண்டே போனது. மாம்பழக்கூழ் ஆலையில் வேலை. ஜூன், ஜூலையில் பெங்களூரா காய் லாரி லாரியாக வந்து இறங்கும்போது வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான். பிரவுன் பெல்ட் தேர்வில் ஒருமுறை ஃபெயில். குமித்தேயில், அதாவது எதிராளியோடு மோதும் சுற்றில், தூரம் கணிக்காமல் உள்ளே போய் வாங்கிக்கொண்டேன். பிளாக் பெல்ட் கைக்கு வர ஏழு வருஷம். (நடுவில் ஓர் இடத்தில், பணம் கட்டினால் ஆறே மாதத்தில் பிளாக் என்றார்கள். ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய்.) பிளாக் பெல்ட்டின் முதல் நிலைக்கும் ஷோடான் என்றுதான் பெயர், முதல் படி என்று பொருள். கட்டிய அன்றைக்கு யாருக்கு அது ஞாபகம் இருக்கும்?

அடுத்த வாரமே, "சின்னப் பசங்களை நீ பாத்துக்கோ" என்றார் மாஸ்டர். பிள்ளைகளைப் பார்த்து நின்று, இடப்பக்கம் திரும்பி கெடான் பராய், அதாவது கையைக் கீழ்நோக்கி வீசித் தடுப்பதை, செய்து காட்டினேன். மொத்த வரிசையும் வலப்பக்கம் திரும்பியது. அப்புறம் கட்டா முழுவதையும் இடம் வலம் மாற்றி மொட்டை மாடியில் பழகினேன். துணி காயப்போட வந்த அம்மா, "என்னடா, கத்துக்கிட்டதெல்லாம் மறந்துபோச்சா?" என்றார்.

இன்றும் உறுத்துவது வேறொன்று. மூன்றாவது வாரம், மே கெரி என்ற முன் உதைப் பயிற்சி. ஒரு பையன் விட்ட உதை எதிரில் நின்றவன் முழங்கையில் பட்டு, உதைத்தவனின் கால் பெருவிரல் வீங்கிவிட்டது. கால்விரல்களை மேலே இழுத்துக்கொண்டு முன்பாதத்தால் உதைக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எனக்குத் தானாகவே விரல் மேலே போய்விடும். அதைச் சொல்லித்தர வேண்டும் என்றே தோன்றவில்லை. அவன் அப்பாவிடம், "தப்பு என்மேலதாங்க" என்றேன். "பரவாயில்லைங்க மாஸ்டர்" என்றார். என்னை முதன்முதலில் மாஸ்டர் என்று கூப்பிட்டவர் அவர்தான், அதுவும் அந்த நேரத்தில்.

இப்போது உதைக்கு முன்னால் எல்லோரையும் சுவரில் கை ஊன்றி, குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்கிறேன். தரையில் எந்த இடம் பதிந்திருக்கிறதோ, உதையும் அந்த இடத்தால்தான். ஐந்து நிமிஷம் அப்படியே நிற்க வேண்டும், முனகுவார்கள். அந்தப் பையன் இரண்டு வாரம் கழித்து வந்தான். பக்கத்தில் நின்றவனிடம், "குதிகால் கீழ இருக்கு பாரு, தூக்குடா" என்று அவனே அதட்டிக்கொண்டிருந்தான்.