கையடக்க வானொலி ஒன்றைப் பழகியெடுத்த ஆறு வாரங்கள்

பண்பலை, மத்திய அலை, நெட்டலை, சிற்றலை, விமானிகளும் தரைக் கட்டுப்பாட்டாளர்களும் பேசிக்கொள்ளும் விமானப் பட்டை என அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய சிறிய டிஜிட்டல் வானொலி ஒன்று என் கைக்கு வந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. முதல் நாளிலிருந்தே நேரம், அதிர்வெண், வானொலியை வைத்த இடம், ஏரியலின் நிலை, கேட்டது என்ன என்பதையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். அதை இப்போது புரட்டிப் பார்க்கும்போது, முதல் இரண்டு வாரங்களில் "வானொலியின் குறை" என்று நான் எழுதிவைத்தவற்றில் பெரும்பாலானவை நான் அமைப்புகளைச் சரியாக வைக்காததாலோ, அறையில் இருந்த வேறொரு கருவியாலோ நேர்ந்தவை என்று தெரிகிறது. உண்மையான குறைகள் ஒன்றிரண்டுதான்.

முதலில் அந்த "டிஜிட்டல்" என்ற சொல்லையே நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். டி.ஆர்.எம்., டி.ஏ.பி. போன்ற எண்ணிம ஒலிபரப்புகளையும் இது பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். பிடிக்காது. இது கேட்பது வழக்கமான அனலாக் ஒலிபரப்பைத்தான். ஏரியலில் வரும் சமிக்ஞையைத் தாழ்ந்த அதிர்வெண் ஒன்றுக்கு இறக்கி, எண்களாக மாற்றி, வடிகட்டுவதையும் ஒலியைப் பிரித்தெடுப்பதையும் கணக்கீட்டின் மூலம் செய்வதால்தான் இதற்கு அந்தப் பெயர். பழைய பெட்டிகளில் வரிசையாக நின்ற சுருள்களும் டிரிம்மர்களும் செய்த வேலையை, சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் எஸ்ஐ 4735 போன்ற, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு இன்று செய்துவிடுகிறது. சிற்றலையில் டி.ஆர்.எம். ஒலிபரப்பு ஒன்றைத் தற்செயலாகக் கடந்தபோது எனக்குக் கேட்டது, குழாயிலிருந்து நீர் பீறிட்டு விழுவதுபோன்ற இடைவிடாத இரைச்சல் மட்டுமே. 10 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது ஒரே சீராக நின்று, விளிம்பில் கத்தியால் நறுக்கியதுபோல் முடிந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து அன்று ஏரியலையெல்லாம் துடைத்து வைத்தேன்.

இரண்டாவது தடுமாற்றம் மத்திய அலையில் நேர்ந்தது. தானாகத் தேடிச் சேமிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு மூன்று நிலையங்கள் மட்டும் தெளிவாகக் கிடைத்தன. மற்றவை எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவதுபோலக் கரகரத்தன. தெளிவாகக் கிடைத்தவற்றின் எண்களைக் குறிப்பேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியபோது, அவை அனைத்தும் 90-ஆல் வகுபடுபவையாக இருப்பதைக் கண்டேன். அங்கேதான் விடை இருந்தது. அமெரிக்கக் கண்டங்களில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்துள்ளன. ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா ஆகியவற்றில் இடைவெளி 9 கிலோ ஹெர்ட்ஸ். என் வானொலி 10-இல் அமைக்கப்பட்டு வந்திருந்ததால், 783-இல் இருக்கும் நிலையத்தை அது 780-இல் நின்றுகொண்டு கேட்டது. இரண்டு கணக்கும் ஒத்துப்போகும் 540, 630, 720, 810 போன்ற எண்களில் மட்டும் ஒலி சுத்தமாக வந்தது. திரையின் மூலையில் வெப்பநிலை ஃபாரன்ஹீட்டில் தெரிந்ததைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் இரண்டும் ஒரே அமைப்போடு சேர்ந்து மாறுகின்றன. 9-க்கு மாற்றிய பிறகு அதே தேடலில் மூன்று மடங்கு நிலையங்கள் கிடைத்தன. பண்பலைக்கும் இதுபோன்றதோர் அமைப்பு உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு 87.5 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான எல்லையே போதும் என்பதால், கீழே 64 வரை வீணாகத் தேடவிடாமல் அதைக் குறுக்கிக்கொண்டேன்.

மத்திய அலைக்கு உருவி நீட்டும் ஏரியல் பயன்படுவதில்லை. பெட்டிக்குள் இருக்கும், சுருள் சுற்றிய ஃபெரைட் என்னும் காந்தப் பொருள் கம்பிதான் ஏரியல் என்பதால், வானொலியையே திருப்பிப் பார்க்க வேண்டும். இதைப் பலமுறை படித்திருந்தும், ஒரு நாள் இரவு 10 மணிக்கு மேல் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. மேசைமேல் பெட்டியை மெல்லச் சுழற்றினேன். ஒரு நிலையில் ஒரு குரல் படிப்படியாகத் தேய்ந்து மறைய, அடியில் இருந்த மற்றொரு குரல் மேலே வந்தது. கம்பியின் முனை எந்தத் திசையை நோக்குகிறதோ அந்தத் திசையிலிருந்து வருவது மிகவும் குறைந்துவிடுகிறது. வலுவாகக் கேட்கும் திசை அகலமானது, மறையும் திசையோ மிகக் குறுகியது. ஆகவே வேண்டிய நிலையத்தை நோக்கித் திருப்புவதைவிட, வேண்டாததை மறையவைப்பதே எளிது.

தொலைவிலுள்ள மத்திய அலை நிலையங்கள் இரவில் மட்டும் வருவதற்குக் காரணம் வானில் இருக்கிறது. பகலில், வளிமண்டலத்தின் மேற்பகுதியில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் உள்ள அயனி மண்டலத்தின் கீழடுக்கான டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடுகிறது; சூரியன் மறைந்ததும் அது கலைந்துபோக, மேலடுக்குகள் அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. நடுத்தரத் தொலைவில் தரையோடு வரும் அலையும் வானிலிருந்து திரும்பும் அலையும் சில வேளை கைகோத்து, சில வேளை ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் ஒலி ஏறி இறங்குகிறது. எரிச்சலூட்டும் இந்த ஏற்ற இறக்கத்தையே கருவியாக்கி, 1924 டிசம்பரில் எட்வர்டு ஆப்பிள்டன், தம் மாணவர் பார்னெட்டுடன் சேர்ந்து, போர்ன்மவுத்தில் இருந்த பிபிசி நிலையத்தின் அலைநீளத்தை மெதுவாக மாற்றச் செய்து, அலைகளைத் திருப்பி அனுப்பும் அடுக்கின் உயரத்தைக் கணக்கிட்டார்; அயனி மண்டல ஆய்வுகளுக்காக 1947-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒலி மங்கும்போதெல்லாம் முணுமுணுப்பதை இதைப் படித்த பிறகு ஓரளவு குறைத்துக்கொண்டேன்.

சிற்றலைதான் நான் இந்தப் பெட்டியைத் தேடிப் பெற்றதற்குக் காரணம், நான் மிகுதியாக ஏமாந்ததும் அதில்தான். முதல் முயற்சியை நண்பகலில், 49 மீட்டர் பட்டையில், அதாவது 6 மெகா ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் செய்தேன். அரை மணி நேரம் வெறும் சலசலப்புதான். 300-ஐ மெகா ஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் மீட்டர் கிடைக்கும் என்ற சிறு கணக்கோடு, பகலில் உயர்ந்த அதிர்வெண்களும் இரவில் தாழ்ந்த அதிர்வெண்களும் நன்றாகச் செல்லும் என்ற நடைமுறையையும் சேர்த்து மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன்பின் தெரிந்தது. பகலில் 19, 16 மீட்டர் பட்டைகளையும், மாலையில் 25, 31 மீட்டரையும், இரவு முற்றியதும் 41, 49 மீட்டரையும் தேடிப் பார்க்கத் தொடங்கிய வாரத்தில் குறிப்பேடு நிரம்பலாயிற்று. நிகழ்ச்சி நேரங்கள் உலகப் பொது நேரமான யு.டி.சி.-யில்தான் அறிவிக்கப்படுகின்றன, உள்ளூர் நேரத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழித்துத் தவறவிட்டதில் சலித்துப்போய், வானொலியின் கடிகாரத்தையே யு.டி.சி.-க்கு மாற்றிவிட்டேன். மார்ச் மாதக் கடைசி ஞாயிறும் அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறும் சிற்றலை அட்டவணைகள் மாறும் நாள்கள் என்பதால், பழைய பட்டியலை நம்பித் தேடுவது வீண்வேலை.

இரைச்சல் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுவதும் சிற்றலையின் எந்தப் பட்டைக்குப் போனாலும் ஒரு தடித்த "ஸ்ஸ்ர்ர்" என்ற ஒலி பின்னணியில் இருந்தது. வானொலியின் உணர்திறன் போதவில்லை என்று எழுதிவைத்தேன். பிறகு ஒரு மாலையில், வானொலியை மின்கலத்தில் ஓடவிட்டு, வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்தேன். அந்தக் கணமே இரைச்சல் சரிந்து விழுந்தது. அதுவரை இல்லாதிருந்த இரண்டு நிலையங்கள் அதே பட்டையில் எழுந்து வந்தன. விசையை மீண்டும் போட்டு, ஒவ்வொரு சுற்றாக அணைத்தும் போட்டும் பார்த்து, கடைசியில் வானொலியைக் கையில் பிடித்தபடி ஒவ்வொரு கருவியின் அருகிலும் கொண்டுபோனேன். மேசை விளக்கின் எல்.இ.டி. பல்பை நெருங்கியபோது சீற்றம் எழுந்தது. கைப்பேசி இல்லாமல் சும்மா செருகிவைத்திருந்த சார்ஜர் ஒன்றோ, பல்பைவிட மோசம். அரை மீட்டர் தொலைவிலேயே நிலையத்தை மூழ்கடித்துவிட்டது. இவற்றின் உள்ளே இருக்கும் ஸ்விட்சிங் மின்சுற்றுகள் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும்போது உண்டாகும் சிதறல்கள் சிற்றலை முழுவதும் பரவுகின்றன. அந்தச் சார்ஜரைக் கழற்றினேன், பல்பை மாற்றினேன், வானொலியை ஜன்னல் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். சார்ஜ் ஏறும்போது கேட்கக் கூடாது என்று கையேட்டில் எழுதியிருந்ததும், நான் அதைப் பொருட்படுத்தாமல் கேட்டதும் தனிக் கதை.

அடுத்து, ஏரியலை மேம்படுத்தும் ஆசை வந்தது. உருவி ஏரியல் ஏறக்குறைய 75 சென்டிமீட்டர் நீளம். 100 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர் என்பதால், அதில் கால் பங்கான இது பண்பலைக்குக் கச்சிதம். 49 மீட்டர் அலைக்கு இது ஒரு குச்சி, அவ்வளவுதான். உறையிட்ட மெல்லிய செப்புக் கம்பி ஏழு மீட்டர் எடுத்து, ஒரு முனையில் முதலைக் கவ்வியைப் பற்றவைத்து, ஏரியலின் நுனியில் மாட்டி, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே இழுத்துக் கட்டினேன். சமிக்ஞை மானி உச்சத்துக்குப் போனது. ஆனால் 31 மீட்டர் பட்டையில், இருக்கவே முடியாத ஓரிடத்தில், அருகிலுள்ள மத்திய அலை நிலையத்தின் பாட்டு கேட்டது. அளவுக்கு மிஞ்சிய சமிக்ஞை முன்சுற்றைத் திணறடித்து ஆவி நிலையங்களை உண்டாக்குகிறது. பக்கவாட்டில் இருந்த உணர்திறன் விசையைத் தொலைவு என்பதிலிருந்து அருகு என்பதற்குத் தள்ளியதும் ஆவிகள் அகன்றன. பின்னர் கம்பியை மூன்று மீட்டராகக் குறைத்தபோது விசைக்கே தேவையில்லாமல் போனது. இடி மின்னல் இருக்கும்போது வெளிக்கம்பியைக் கழற்றிவிடுவதில் மட்டும் நான் ஒரு நாளும் சோம்பல்படுவதில்லை.

ஒலிபரப்பின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பும், ஒற்றைப் பக்கப்பட்டை எனப்படும் எஸ்.எஸ்.பி. முறையில், பொழுதுபோக்காக வானொலி வழியே பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலியினரின் உரையாடலைக் கேட்கப் பொறுமை வேண்டும். 10 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப்பக்கப் பட்டையையும், மேலே மேல்பக்கப் பட்டையையும் அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். 7.1 மெகா ஹெர்ட்ஸ் அருகே வாத்து கத்துவதுபோன்ற ஓர் ஒலியில் நிறுத்தி, நுண் சக்கரத்தைப் பத்துப் பத்து ஹெர்ட்ஸாக நகர்த்தினேன். வாத்தின் குரல் தடித்து, பிறகு திடீரென்று ஒரு மனிதர் அமைதியாகத் தம் ஏரியலின் உயரத்தைப் பற்றிப் பேசுவது தெரிந்தது. முப்பது ஹெர்ட்ஸ் தள்ளினாலும் குரலின் இயல்பு கெடத் தொடங்குகிறது.

விமானப் பட்டை பற்றி அதிகம் எழுத எதுவுமில்லை. 118 முதல் 137 மெகா ஹெர்ட்ஸ் வரை, நேர்கோட்டில் செல்லும் அலைகள். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானியின் குரல் சுமார் 400 கிலோமீட்டர் வரை எட்டும் என்பதால், பல வேளைகளில் விமானியின் விடை மட்டும் கேட்கிறது, தரையிலிருந்து வந்த கேள்வி கேட்பதில்லை. சில நாடுகளில் இதைக் கேட்பதற்குச் சட்டத் தடை இருக்கிறது. தொடங்குமுன் விசாரித்துக்கொள்வது நல்லது.

உண்மையான குறைகள் இவை. சக்கரத்தைச் சுழற்றும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒலி ஒரு கணம் அறுபடுவதால், பழைய பெட்டியில் முள்ளை நகர்த்தியபடி பட்டை முழுவதையும் காதால் தடவிச் செல்லும் சுகம் இதில் இல்லை. நலிந்த நிலையம் மங்கும்போது, இரைச்சலைக் குறைப்பதாக எண்ணிக்கொண்டு, சில்லு ஒலியையே தாழ்த்திவிடுகிறது. கடைசி இரண்டு சொற்கள் வேண்டும் என்று நாம் காதைத் தீட்டும் நேரத்தில்தான் அது அப்படிச் செய்யும். இதற்கு ஈடாக இருப்பது பட்டையகலத் தேர்வு. 6 கிலோ ஹெர்ட்ஸில் பாட்டு நிறைவாக ஒலிக்கிறது. பக்கத்து நிலையம் நெருக்கினால் 3 அல்லது 2-க்குச் சுருக்க, குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கினாலும் சொற்கள் தனித்து நிற்கின்றன. செய்திக்கு அதுவே போதும். மற்றபடி, கைப்பையில் எடுத்துச் செல்லும்போது பூட்டுப் பொத்தானை மறந்ததால் இருமுறை மின்கலம் காலியானதற்கு நான் வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

நேற்று விடியலுக்கு முன் 10 மெகா ஹெர்ட்ஸில் நிறுத்தினேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் அருகே இருக்கும் டபிள்யு.டபிள்யு.வி. நிலையம் 2.5, 5, 10, 15, 20 மெகா ஹெர்ட்ஸ்களில் விநாடிக்கு ஒரு துடிப்பாக நேரத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஹவாயிலுள்ள அதன் இணை நிலையத்தில் பெண் குரல், இதில் ஆண் குரல். இரண்டு நாள்கள் வெறும் இரைச்சலைக் கேட்டுவிட்டுப் படுத்திருந்தேன். நேற்று, இரைச்சலின் அடியில், சுவர்க்கடிகாரம் பக்கத்து அறையில் ஓடுவதுபோன்ற மெல்லிய டிக் டிக் இருந்தது. எண்ணிக்கொண்டே வந்தேன், 29-ஆவது விநாடியில் துடிப்பு விடுபட்டது, அதுதான் அந்த நிலையத்தின் வழக்கம். நிமிடம் முடியும் தறுவாயில் ஓர் ஆண் குரல் யு.டி.சி. நேரத்தைச் சொல்ல, நீண்ட துடிப்பு ஒன்று ஒலித்தது. திரையைப் பார்த்தேன். நான் மூன்று வாரங்களுக்கு முன் சரிசெய்துவைத்த கடிகாரம் ஒன்பது விநாடிகள் பின்தங்கியிருந்தது. பத்தாயிரம் கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு விநாடியின் முப்பதில் ஒரு பங்குதான் ஆகும் என்பதால், அடுத்த நிமிடத்தின் நீண்ட துடிப்புக்குக் காத்திருந்து, அது கேட்டதும் பொத்தானை அழுத்தினேன்.