மூன்றாம் நம்பர்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இரவு மெயிலில் வந்து ஹட்டனில் இறங்கி, ஸ்டேஷனிலேயே விடியும்வரை இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். கொழும்பில் நடந்த கம்பனி கூடைப்பந்து டீம் செலக்‌ஷனில் என் பெயர் வரவில்லை. அங்கிருந்த கோச் நேராகவே சொன்னார்: "நாலாம் நம்பர் ஆட உன் உயரம் பத்தாது தம்பி."

நாலாம் நம்பர் என்றால் பவர் ஃபோர்வர்ட். ரிங்குக்குக் கிட்ட நின்று முட்டி மோதி ரீபவுண்ட், அதாவது உள்ளே போகாமல் திரும்பி வரும் பந்தை, எடுப்பவன். எனக்கு 6 அடி 1 அங்குலம். இங்கே பள்ளிக்கூட மேட்ச்களில் அது பெரிய உயரம். உயரமான பையன் கிடைத்தால் ரிங்குக்கு அடியில் நிறுத்திவிடுவார்கள். தூரத்திலிருந்து போடவோ, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ அவனுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கொழும்பில் அதே இடத்தில் என்னைவிட அரை அடி உயரமானவர்கள் நிற்கிறார்கள். மலையகத்திலிருந்து கீழே இறங்கும் நிறையப் பையன்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அது எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

ஜனவரி 15, புதன்

பொங்கலுக்கு வந்த மாமா கேட்டார்: "பந்தடிச்சா சம்பளம் எங்கருந்து வரும்?"

நியாயமான கேள்விதான். நம் நாட்டில் கூடைப்பந்தை மட்டும் நம்பி யாரும் குடும்பம் நடத்த முடியாது. ராணுவம், கடற்படை, விமானப்படை டீம்களில் சேர வேண்டும். இல்லையென்றால் டீம் வைத்திருக்கும் ஒரு கம்பனி வேலை தர வேண்டும். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. ஆக, செலக்‌ஷனில் பெயர் வராவிட்டால் வேலையும் இல்லை. இதைச் சொன்னதும் மாமா ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "இன்னொருக்கா போய்ப் பாரு ராசா" என்றார். அம்மாவுக்கு நாள் சம்பளம் 1350 ரூபாய். அந்தக் காசில்தான் நான் ரயில் ஏறுகிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

அமெரிக்க ஆட்டக்காரர் பி.ஜே. டக்கர் ஆடிய பழைய மேட்ச்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 6 அடி 5 அங்குல ஃபோர்வர்ட். எனக்கு அது உயரம், அமெரிக்காவின் பெரிய லீக்கான என்பிஏவில் பெரிய ஆட்களுடன் மோத அது குறைவு. டீம்கள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2006இல் டொராண்டோ டீம் அவரை 35ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த வருஷமே விட்டுவிட்டது. அப்புறம் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று அலைந்து, 2012இல்தான் ஃபீனிக்ஸ் டீம் வழியாகத் திரும்பி வந்தார். 2021இல் மில்வாக்கியுடன் சாம்பியன். அவர் பெரிய ஸ்கோரர் இல்லை. எதிர் டீமின் நல்ல ஆட்டக்காரனை மறித்து நிற்பார். பந்து வந்தால் மூலையிலிருந்து மூன்று புள்ளி போடுவார். அந்த இரண்டையும் வைத்தே அவர் தனக்கு ஒரு இடத்தை உண்டாக்கிக்கொண்டார். நானும் மூன்றாம் நம்பருக்கு, அதாவது ரிங்கைவிட்டுத் தள்ளி நின்று ஆடும் ஸ்மால் ஃபோர்வர்டுக்கு, மாறப் போகிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பள்ளிக்கூட சிமெண்ட் கோர்ட்டில் மூன்று புள்ளிக் கோடு எப்போதோ அழிந்துபோயிருந்தது. அப்பாவும் நானும் டேப் பிடித்து அளந்து சுண்ணாம்பால் போட்டோம். மூன்று புள்ளிக் கோடு ரிங்கிலிருந்து 6.75 மீட்டர்; அதற்கு வெளியே நின்று போட்டால்தான் மூன்று புள்ளி. ஆனால் கோர்ட்டின் அகலமே 15 மீட்டர்தான். அதனால் மூலையில் அந்தக் கோடு பக்கக் கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி நேராக ஓடும். அங்கே ரிங்குக்கு 6.60 மீட்டர். பதினைந்து சென்டிமீட்டர் குறைவு! டக்கர் ஏன் மூலையிலேயே நிற்கிறார் என்று அப்பாவுக்குக் காட்டினேன். டேப்பை இன்னொரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றார்.

இத்தனை வருஷம் நான் ரிங்குக்குக் கிட்டவே போட்டுப் பழகியவன். கை மட்டும் வேலை செய்யும். மூலையிலிருந்து கையால் மட்டும் எறிந்தால் பந்து ரிங்கின் முன்விளிம்பைக்கூடத் தொடாது. முழங்கால் மடிய வேண்டும், முழங்கை உள்ளே இருக்க வேண்டும், பந்து கைக்கு வரும் முன்பே பாதம் ரிங்கைப் பார்த்திருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் பந்து ஈரமாகி வழுக்கும். ஒவ்வொரு தரமும் துவாயால் துடைத்துத்தான் போட்டேன்.

11 மணி போல நாடு முழுக்க கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். எங்களுக்கு அதனால் ஒன்றும் குறையவில்லை, வெளிச்சம் இருந்தவரை போட்டோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

நேற்றைய பட்ஜெட்டில் தோட்டச் சம்பளத்தை 1700 ஆக்கப் போவதாகச் சொன்னார்கள். நாங்கள் இருக்கும் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லா வாசலிலும் அதே பேச்சு. கைக்கு வரட்டும், பார்ப்போம் என்கிறார் அம்மா.

வேறொரு கம்பனி போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு போட்டியில் ஆட வைத்தது. வேலைக் கடிதம் அடுத்த வாரம் என்றார்கள். இப்போது போனை எடுப்பதில்லை. ரயில் காசுகூடத் தரவில்லை. வேலை தேடி வரும் பையனிடம் இப்படி நடப்பது அநியாயம். அதைப் பொறுத்துப் போ என்று எனக்குப் பின்னால் வரும் தம்பிகளிடம் நான் சொல்ல மாட்டேன். கடிதம் கைக்கு வராமல் ஜெர்சியைப் போடாதீர்கள்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று கொழும்பில் இன்னொரு டீமுடன் பயிற்சி ஆட்டம். மூன்றாம் நம்பரில் ஆடினேன். மரத்தளத்தில் ஷூ நன்றாகப் பிடித்தது. ஆனால் கொழும்பு வெக்கையில் இரண்டாம் குவார்ட்டருக்குள் மூச்சு வாங்கிவிட்டது.

அவர்களுடைய முக்கிய ஸ்கோரரை நான்தான் மறித்தேன். வலப்பக்கம் போக விடாமல் இடக்கைப் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தேன். அவன் எரிச்சலாகி என்னை இடித்து ஃபவுல் வாங்கினான். மூலையில் வந்த பந்துகளில் ஒன்று உள்ளே போனது. இரண்டு ரிங்கில் பட்டு வெளியே வந்தன. இரண்டும் நேராகத்தான் போயின.

முடிந்ததும் கோச் சேர் கூப்பிட்டுப் பேசினார். கம்பனி ஸ்டோர்ஸில் மூன்று மாதத் தற்காலிக வேலை, மாலையில் டீமுடன் பயிற்சி. டீமில் இடம் தருவதாக வாக்கு இல்லை. இடக்கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் டிரிபிளிங் சரியாக வேண்டும், மூச்சுத் தாங்க வேண்டும் என்றார். "கடிதம் தருவீங்களா சேர்?" என்று கேட்டேன். அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வத்தளையில் இருக்கும் பெரியம்மா மகனிடம் போர்டிங் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வாடகைக்கு முற்பணம் கேட்கிறார்களாம். அதற்கு அப்பா சீட்டுக்காரரைப் பார்க்கப் போயிருக்கிறார்.