பறக்காத விமானியின் முதல் 90 நாள்கள்

ஒரு விமான நிறுவனம் நின்றுபோனால் அதன் விமானிகள் என்ன ஆகிறார்கள் என்பதை 2012-இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட்டும் நமக்குக் காட்டின. துணை விமானியாக இருந்து வேலையிழந்து, இன்று விமானிப் பயிற்சி மாணவர்களுக்கு வானிலையியலும் வழிசெலுத்தலும் கற்பிப்பவன் என்ற முறையில், அதே நிலையில் இப்போது இருப்பவருக்கு நான் முதலில் சொல்வது, வேறு வேலை தேடும் அவசரத்தில் உரிமத்தை மறந்துவிடாதீர்கள் என்பதே.

ஒருமுறை வாங்கிய பட்டம் ஆயுளுக்கும் செல்லும். விமானியின் தகுதி அப்படிப்பட்டதன்று. 90 நாள்களுக்குள் மூன்று முறையாவது மேலெழும்பித் தரையிறங்காதவர் பயணிகள் விமானத்தை இயக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறன் சோதனை, குறித்த கால இடைவெளியில் முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை ஆகியவையும் உண்டு. வேலையில் இருந்தவரை இவற்றையெல்லாம் ரோஸ்டரில் (பணி அட்டவணையில்) போட்டு நினைவூட்ட ஓர் அலுவலகமே இருந்தது. அது இல்லாமற்போனதும் மருத்துவப் பரிசோதனையை நான் தவறவிடவில்லை. ஆனால் பயிற்சிக் கடனின் தவணை மாதந்தோறும் வந்து நின்றதால் திறன் சோதனைக்கு வேண்டிய சிமுலேட்டருக்கு (விமானம் ஓட்டுவதைத் தரையிலேயே போலச்செய்யும் கருவிக்கு) பணம் கட்டுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனேன். ஓராண்டு கழித்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தபோது, நடப்புத் தகுதி உள்ளவர்களையே அவர்கள் எடுத்தார்கள். அந்தத் தள்ளிப்போடலுக்காக இன்றும் வருந்துகிறேன்.

எந்த வகை விமானத்துக்கு டைப் ரேட்டிங் (அந்த வகையை ஓட்டுவதற்கான தனித் தகுதி) வைத்திருக்கிறோம் என்பதும் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. ஜெட் ஏர்வேஸில் பெரும்பாலானோர் ஓட்டியது போயிங் 737. நாட்டின் மிகப் பெரிய நிறுவனமான இண்டிகோவில் பெரும்பான்மை ஏர்பஸ் ஏ320. 737 வைத்திருந்த ஸ்பைஸ்ஜெட், ஜெட்டின் விமானங்கள் சிலவற்றையும் விமானிகள் சிலரையும் எடுத்துக்கொண்டது. மற்றவர்கள் புதிய ரேட்டிங்கைப் பெற்றாக வேண்டியிருந்தது. கோ ஃபர்ஸ்ட் விமானிகளிடம் ஏ320 ரேட்டிங் ஏற்கெனவே இருந்தது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்கூட, வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் பணிமூப்புப் பட்டியலின் அடியில்தான் நிற்க வேண்டும் என்பதைக் குடும்பத்தினருக்கு விளக்குவதுதான் கடினம்.

பறக்க முடியாத காலத்தில் விமானத்துறைக்குள்ளேயே இருப்பது நல்லது. விமான இயக்கக் கட்டுப்பாட்டு மையம், விமான நிறுவனத்தின் பயணப் பாதுகாப்புப் பிரிவு, சிமுலேட்டர் பயிற்சி, எங்களைப் போன்ற தரைப் பாடப் பள்ளிகள் ஆகிய இடங்களில் விமானியின் அனுபவத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. ட்ரோன் இயக்குவதைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் குறுகிய காலப் பயிற்சியுமே போதும் என்பதால், நம் பறத்தல் மணிகளுக்கு அங்கே தனி ஊதியம் கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

கற்பித்தலில் நான் எதிர்பாராத நிறைவு கிடைத்தது. தேர்வில் 70 விழுக்காடு எடுக்கப் போராடும் பிள்ளைக்குப் பருவமழை மேகத்தின் உள்ளே காற்று எப்படி ஏறி இறங்குகிறது என்று விளக்கும்போது, அதன் ஊடாகத் தரையிறங்கிய இரவுகள் பாடமாக மாறுகின்றன. ஆயினும் மருத்துவச் சான்றிதழை இன்றுவரை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்து வருகிறேன். இவ்வாண்டுக்கான பரிசோதனைக்கு அடுத்த மாதம் நாள் கிடைத்திருக்கிறது.